விரல் இருக்கும்போது பேசக்கூடாது

இந்த வண்டி வாட்டர் டேங்க்ல நிக்கும் இல்லையா சார்? அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னாடி வர்ற ஸ்டாப். கண்டக்டரைக் கேட்டேன், நிக்கும்னுதான் சொன்னாரு. ஆனா அவரு சொன்ன விதம் எனக்குப் பிடிக்கலை. சில்லறையை எண்ணிக்கிட்டே, என் மூஞ்சியைக்கூடப் பாக்காம சொன்னாரு. நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடறீங்களா, ஜன்னலோரம் நான் உக்காந்துக்கறேன். ஊர் வர்றது எனக்குத் தெரியணும். அரியலூருக்கு இன்னும் நேரம் இருக்குன்னு தெரியும், துறையூரே இப்பத்தானே தாண்டினோம். இருந்தாலும்.

தப்பா எடுத்துக்காதீங்க. ஏறினதுலேர்ந்து பாக்கறேன், அடிக்கடி வயித்தைத் தடவுறீங்க. பசிக்காம சாப்பிட்டிருப்பீங்க. கடிகாரத்தைப் பாத்து சாப்பிடறவங்க எல்லாருக்கும் இதுதான் கதை. கையைக் குடுங்க, நாடி பாக்கறேன். சும்மா குடுங்க சார், பீஸ் எல்லாம் கேக்க மாட்டேன். நான் ஹீலர். அக்குபங்சர். ஊசி கீசி ஒண்ணும் கிடையாது, விரல் மட்டும்தான். துறையூர் பாலக்கரை பக்கம் வந்து சிவப்பிரகாசம் ஹீலர்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. பழைய ஆளுங்கன்னா உரக்கடை சிவப்பிரகாசம்னு கேக்கணும்.

ஆமா, உரக்கடைதான் வச்சிருந்தேன். யூரியா, பொட்டாஷ், பூச்சி மருந்து. அந்த மூட்டை வாசத்துலயே இருந்து இருந்து என் வயிறு கெட்டுப் போச்சு. பாக்காத டாக்டர் இல்லை. கடைசியில திருச்சியில ஒரு பெரியவர் கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, கால்ல ஒரு இடத்துல விரலை வச்சாரு. அன்னிக்கு ராத்திரி பசிச்சுது சார் எனக்கு. பசின்னா என்னன்னே மறந்து போயிருந்தவன். அவரைத்தான் ஆசான்னு சொல்றது. ஞாயித்துக்கெழமை ஆனா பஸ் பிடிச்சு அவர்கிட்ட போய் உக்காந்து படிச்சேன். கடையைத் தம்பிகிட்ட விட்டுட்டு வீட்டு முன்ரூமை கிளினிக் ஆக்கினேன். ஊரே சிரிச்சுது. உரம் போட்டவன் இப்ப விரல் போடறான்னு.

அசையாதீங்க. நாடி ஓடிக்கிட்டிருக்கு.

உடம்புல நூத்துக்கணக்கா புள்ளி இருக்கு. ஆனா எனக்குப் பேர் வாங்கிக் குடுத்தது ஒரே ஒரு புள்ளி. இதோ, இங்க. நெஞ்செலும்புக்கு நட்ட நடுவுல. அழுத்தினா சில பேருக்குச் சுரீர்னு வலிக்கும். சீனாக்காரங்க அதுக்கு ஷான்சோங்னு பேர் வச்சிருக்காங்க. நாங்க நடுப்புள்ளிம்போம். இதயத்தைச் சுத்தி ஒரு உறை இருக்கு இல்லையா, அந்த உறையோட வாசக்கதவு இதுதான். மூச்சு முட்டறது, படபடப்பு, தூக்கம் வராம புரள்றது, காரணமே இல்லாம அழுகை வர்றது, எல்லாத்துக்கும் இங்க ஒரு விரல் போதும். மனுஷனுக்கு சந்தோஷம்னு ஒண்ணு வந்தா அது இந்த இடத்துலேர்ந்துதான் கிளம்பும்னு ஆசான் சொல்வாரு. எங்க படிப்புல இதைவிடப் பெரிய புள்ளி கிடையாதுன்னு நான் சொல்வேன். ஆசான் அப்படிச் சொல்லலை, நான் சொல்றேன்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு, உங்களுக்கே புரிஞ்சிருக்கும். இடம் நெஞ்சு. வர்றவங்க பாதிக்கு மேல பொம்பளைங்க. நான் ஆம்பளை. கால்ல தொடலாம், கையில தொடலாம், இங்க எப்படித் தொடறது? சில ஹீலருங்க புடவைக்கு மேல தொட்டா என்னம்பாங்க. எனக்கு அது சரிப்படாது. அந்த விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு. அதனால என்ன பண்ணினேன், ரூமைக் குறுக்கால ஒரு திரையைத் தொங்க விட்டேன். பொம்பளைங்க திரைக்கு அந்தப் பக்கம். கையை மட்டும் வெளிய நீட்டுவாங்க, நான் நாடி பாப்பேன். பாத்துட்டு 'நடுப்புள்ளி'ன்னு சொல்வேன். உள்ள என் வீட்டுக்காரி இருப்பா. அவ விரலை வைப்பா. கண்டுபிடிக்கறது நான், தொடறது அவ. புரியுதுங்களா? சுவிட்சு போடறவன் ஒருத்தன், எரியற பல்பு ஒண்ணு.

வீட்டுக்காரி பேரு தையல்நாயகி. நாயகின்னுதான் கூப்பிடறது. சொந்த ஊர் அரியலூர். படிப்பு பெருசா இல்லை. ஆனா சொன்னா கேட்டுக்கற ஆள். கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிக் குடுத்தேன். ஆள்காட்டி விரல் நுனி. அழுத்தக்கூடாது, பூ வைக்கிற மாதிரி வைக்கணும். முக்கியமா, விரல் இருக்கும்போது பேசக்கூடாது. நீயும் பேசக்கூடாது, அவங்களும் பேசக்கூடாது. பேசினா உள்ள எழும்புற சக்தி வாய் வழியாப் போயிடும். எல்லாத்துக்கும் தலையை ஆட்டினா. நான் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கி முன்ரூம்ல புல்லாங்குழல் போட்டு விட்டேன். அமைதி வேணும் இல்லையா? நல்ல சத்தமாவே வைப்பேன்.

என்ன இது, மாட்டு வண்டி மாதிரி உருட்டறான். முன்னாடி ஒண்ணும் போகலையே. பெரம்பலூர்ல வேற பத்து நிமிஷம் போட்டுடுவான்.

எங்க விட்டேன்? ஆங். சார், வந்தாங்க பாருங்க கூட்டம். உப்பிலியபுரம், கொப்பம்பட்டி, எங்கேர்ந்தெல்லாம். எல்லாம் பொம்பளைங்க. மூச்சு முட்டிக்கிட்டு வருவாங்க, போகும்போது மூஞ்சி அலம்பி விட்ட மாதிரி போவாங்க. ஒரே ஒரு புள்ளி. சில பேரு ரொம்ப நேரம் உள்ளயே இருப்பாங்க. நான் ஆம்பளைங்களைப் பாத்துக்கிட்டு இந்தப் பக்கம் இருப்பேன். நாட்பட்ட நோவு, விரல் அதிக நேரம் தேவைப்படுதுன்னு நினைச்சுக்குவேன். சாயந்திரம் கிளினிக்கை மூடினப்புறம் கூட்டிப் பெருக்கப் போனா திரைக்குப் பின்னாடி முருங்கைக்கீரைக் காம்பா கிடக்கும். கீரையை உருவிக்கிட்டா வைத்தியம் பாக்கறது? கிளினிக்கை அடுப்படி ஆக்காதேன்னு எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கேன். அதுங்க சும்மா உக்கார மாட்டேங்குதுங்க, கையில ஏதாவது குடுன்னு கேக்குதுங்கன்னுவா. சரி, வெவரம் தெரியாதவன்னு விட்டுடுவேன்.

வாசல்லயே வந்து கேப்பாங்க, 'அக்கா இருக்காங்களா?' ஹீலர் இருக்காரான்னு கேக்க மாட்டாங்க. ஒரு கல்யாணம் காட்சின்னு நாயகி ஊருக்குப் போயிருந்தா, 'நாளைக்கு வரோம்'னு திரும்பிடுவாங்க. கை ராசி பாக்கற ஜனம் சார். எந்தப் புள்ளின்னு கண்டுபிடிக்கறவன் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், விரலுக்குப் போய் நன்றி சொல்றாங்க.

கொப்பம்பட்டியிலேர்ந்து செல்லாயின்னு ஒரு அம்மா. நெஞ்சடைப்பு, இடது கை மரமரங்குதுன்னு வந்துது. நான் நாடி பாத்துட்டு நடுப்புள்ளின்னேன். உள்ள போன கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு வேகமாப் போயிடுச்சு, நாயகிதான் வாசல் வரைக்கும் ஓடி ஆட்டோ ஏத்தி விட்டா. அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு ஒரு தூக்கு நெறைய அதிரசம் எடுத்துக்கிட்டு வந்துது. நாயகி கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவுது. ஆஸ்பத்திரியில அன்னிக்கே சேத்துட்டாங்களாம், ரத்தக் குழாய்ல ஸ்பிரிங் வச்சாங்களாம், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா ஆளே இல்லையாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பாத்தீங்களா, உள்ள ஒளிஞ்சிருந்த நோயைப் புள்ளி வெளியே கொண்டு வந்துடுச்சுன்னேன். அந்தம்மா என்னைப் பாத்துது, நாயகியைப் பாத்துது. தூக்கை நாயகி கையில குடுத்துது. அதிரசம் நல்லா இருந்துச்சு.

இப்படி நல்லபடியாப் போய்க்கிட்டிருந்த பொழப்பு. அதுலதான் மண்ணு விழுந்துது.

ஆசானுக்குச் சேதி போயிருக்கு. துறையூர்ல ஒருத்தன் ஒத்தைப் புள்ளியை வச்சு இவ்வளவு பேரைத் தேத்தறான்னு. தை மாசம் திருச்சியில மாநாடு, கல்யாண மண்டபத்துல. ஊர் ஊரா ஹீலருங்க வருவாங்க, எல்லாரும் வெள்ளை உடுப்பு. அதுல என்னைப் பேசச் சொன்னாரு. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வா, எப்படித் தொடறாங்கன்னு எல்லாரும் பாக்கட்டும்னாரு. நான் ஒரு வாரம் தூங்கலை சார். நாயகிக்கு வெள்ளைப் புடவை எடுத்தேன். வேண்டாங்க, கூட்டத்துல எனக்குக் கை கால் ஓடாதுன்னா. விரலை வைக்கிறதுக்கு என்ன பயம்னு கூட்டிட்டுப் போனேன்.

நான் பேசினேன். நல்லாப் பேசினேன், கை தட்டினாங்க. அப்புறம் ஒரு சின்ன வயசு ஹீலர் பொண்ணை மேடையில நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. ஆசானே மைக்கை எடுத்து நாயகி வாய்கிட்ட பிடிச்சுக்கிட்டு, "அம்மா, அந்தப் புள்ளியைக் கொஞ்சம் தொட்டுக் காட்டுங்க"ன்னாரு.

இவ, "எந்தப் புள்ளிங்க?"ன்னா.

கூட்டம் சிரிச்சுது. ஏதோ தமாஷ் பண்றான்னு நினைச்சுக்கிட்டாங்க. ஆசானும் சிரிச்சுக்கிட்டே, "உங்க வீட்டுக்காரர் திரைக்கு வெளியிலேர்ந்து சொல்வாரே, அந்தப் புள்ளி"ன்னாரு.

"அவரு சொல்வாருங்க. நான் யாரையும் தொட்டதில்லைங்க. அதுங்க வந்து உக்காந்து பேசுங்க. பேசி முடிச்சா எந்திரிச்சுப் போயிடுங்க."

மைக்ல சொல்றா சார். மண்டபம் முழுக்கக் கேக்குது. அத்தனை வெள்ளைச் சட்டையும் திரும்பி என்னைப் பாக்குது. பூமி பொளந்து என்னை விழுங்கிடாதான்னு இருந்துச்சு. அவ முகத்துல ஒரு குத்தமும் தெரியலை. பொய் சொல்லத் தெரியாத மூஞ்சி, அதான் அவகிட்ட இருக்கற கஷ்டமே. ஆசான் கண்ணாடியைக் கழட்டிட்டு அவ பக்கம் திரும்பினாரு. அப்புறம், நீங்க அவங்களுக்கு என்னம்மா பதில் சொல்வீங்கன்னு கேட்டாரு. ஒண்ணும் சொல்ல மாட்டேங்க, நமக்கு என்ன தெரியும், கேட்டுக்கிட்டு இருப்பேன்னா. அவரு கையைத் தட்டினாரு. அவரு தட்டினதும் மண்டபமே தட்டிச்சு. எதுக்குத் தட்டறாங்கன்னு எனக்குத் தெரியாதா? என்னை மட்டம் தட்டத்தான். சாப்பாட்டுப் பந்தியில அவளைச் சுத்தி ஒரே பொம்பளை ஹீலருங்க. நான் ஒரு ஓரமா உக்காந்து ரசத்தைக் குடிச்சேன்.

இது பெரம்பலூரா? ஆமா, வந்துட்டான். எறங்கி டீ குடிக்கணுமா நீங்க? வேண்டாம் சார், வயித்துக்கு ஆகாது. இடம் வேற போயிடும். உக்காருங்க, இந்தச் சூட்டுல எதுக்கு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். கேக்க மாட்டேனா? இத்தனை வருஷமா திரைக்குப் பின்னாடி என்னடி நடந்துச்சுன்னேன். முதல் வாரம் தொட்டுப் பாத்தாளாம். ஒரு பொம்பளை விரலைப் பிடிச்சு எடுத்துட்டு, அது கிடக்கட்டும்க்கா, நான் சொல்றதைக் கேளுன்னுச்சாம். அதோட விட்டுட்டாளாம். நான் பண்ணினதெல்லாம் அப்ப என்ன? நாடி பாத்தது? நடுப்புள்ளின்னு சொன்னது? 'நீங்க சொல்லுவீங்க, அதுங்க பேச ஆரம்பிச்சுடுங்க'ன்னா. ஏதோ நான் ஸ்கூல் மணி அடிக்கிறவன் மாதிரி. சரி, பேசினதை எங்கிட்டயாவது சொல்லு, யாருக்கு எது தீந்துதுன்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாமான்னேன். சொல்ல மாட்டேன்னுட்டா. நான் உன் புருஷன்டீன்னேன். அதுங்க உங்ககிட்ட சொல்லலையேன்னா.

அந்த ஒரு வார்த்தைதான் சார் எனக்குத் தாங்கலை. உங்ககிட்ட சொல்லலையே. யாரு வீடு அது, யாரு கிளினிக்?

ஆனா நான் கோவத்துல கையை ஓங்கற ஆள் இல்லை. வைத்தியத்துக்கு வைத்தியத்தாலதான் பதில் சொல்லணும். மறுநாள் காலையில வாசல் கூட்டிட்டு வந்தவளைக் கூப்பிட்டேன். வா, உக்காரு, புள்ளி எப்படி வேலை செய்யும்னு உனக்கே காட்டறேன்னு திரைக்குப் பின்னாடி அந்த ஸ்டூல்ல உக்கார வச்சேன். இத்தனை வருஷத்துல அவளுக்கு நான் நடுப்புள்ளி வச்சதே இல்லை. அவளுக்கு ஒரு நோவு நொடி கிடையாது, எதுக்கு வைக்கணும்? அன்னிக்குத்தான் வச்சேன். புல்லாங்குழல்கூடப் போடலை. கண்ணை மூடிக்கிட்டா. நல்லாத் தொட்டேன், பூ மாதிரி. கொஞ்ச நேரம் ஆச்சு. கண்ணைத் தொறந்து என்னைப் பாத்து, "எனக்கு"ன்னா.

அவ்வளவுதான். எனக்கு.

நான் டக்குனு, "பேசாத. விரல் இருக்கும்போது பேசக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"ன்னேன்.

வாயை மூடிக்கிட்டா. அப்புறம் பாத்தா கண்ணுலேர்ந்து தண்ணி. தாரை தாரையா. சத்தமே இல்லை. பாத்தியா, பாத்தியா, இதுதான் நடுப்புள்ளின்னேன். இதைவிட என்ன அத்தாட்சி வேணும், சொல்லுங்க? ஆசானை அந்த நேரம் கூட்டிட்டு வந்து காட்டியிருக்கணும். எனக்கு ஒரே சந்தோஷம். கோவமெல்லாம் போயிடுச்சு. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி பண்ணுன்னேன், பண்ணினா.

அதுக்கு மறுநாள் ஒரு பையில துணியை எடுத்துக்கிட்டு, தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னா. பண்டிகைக்குப் போறவ மாதிரிதான் சொன்னா. நானே பஸ் ஏத்தி விட்டேன். நாலு நாள்ல வந்துடுவான்னு இருந்தேன். தை முடிஞ்சுது, மாசி முடிஞ்சுது, இப்ப பங்குனி நடக்குது. போன் பண்ணினா தங்கச்சி எடுக்குது. அக்கா குளிக்குது, அக்கா கோயிலுக்குப் போயிருக்கு, அக்கா தூங்குது. பட்டப்பகல்ல எங்கயாவது தூங்குவாளா அவ? ஒரு பலன் கிடைச்சதுக்கு இப்படியா நன்றி காட்டறது?

கிளினிக்கை மூடலை. பக்கத்து வீட்டு நர்மதாவை உள்ள உக்கார வச்சேன். பி.எஸ்சி. படிச்ச பொண்ணு, ஒரு தடவை சொன்னதும் பிடிச்சுக்கிச்சு. சரியான இடம், சரியான அழுத்தம், வாயே தொறக்காது. நாயகி பண்ணாததெல்லாம் அந்தப் பொண்ணு பண்ணிச்சு. வந்தவங்க ஒரு தடவையோட சரி. அக்கா எப்ப வரும்னு கேட்டுட்டுப் போயிடறாங்க. செல்லாயி அம்மா வந்துது. அக்காவை அழைச்சுட்டு வாங்க ஹீலரேன்னுச்சு. நாங்கள்லாம் பேசிட்டுப் போயிட்டோம், அக்கா யார்கிட்ட பேசும்னு கேட்டுச்சு. என்ன கேள்வி பாருங்க. நான் இல்லையா வீட்டுல? பொழுது விடிஞ்சா, பொழுது அடைஞ்சா நான் அவகிட்ட பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்.

எனக்கே கொஞ்ச நாளா இங்க படபடங்குது சார். இதே இடம். வீட்டுல உக்காந்தா எந்திரிக்கணும்போல இருக்கு, எந்திரிச்சா எங்க போறதுன்னு தெரியலை. சோறு இறங்கலை. பசிச்சா சாப்பிடுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவனுக்குப் பசியே வரலை. நானே விரல் வச்சுப் பாத்தேன். ஒண்ணும் கேக்கலை. நர்மதாவோட அப்பாவை விரல் வைக்கச் சொன்னேன். அந்த ஆளு விரல் வச்சதும் கொட்டாவி விட்டாரு. வீடு முழுக்க அவ சாமான் அப்படியே கிடக்கு. வெள்ளைப் புடவைகூட மடிச்சு வச்சபடி அலமாரியில இருக்கு. அவ இல்லாம என்னால முடியலை. யார்கிட்ட சொல்றது இதை, உங்ககிட்ட சொல்றேன்.

முந்தாநாள் சகலை போன் பண்ணினாரு. தங்கச்சி புருஷன், ராஜாங்கம்னு பேரு, சிமெண்டு ஆலையில வேலை, மரியாதையான மனுஷன். "அண்ணே, அக்கா உங்களை வரச் சொல்லுது. அதுக்கு ஒரு விஷயம் சொல்லணுமாம். சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாதாம். அப்படி இருக்க முடியும்னா வாங்க, இல்லைன்னா வேண்டாம்னு சொல்லுது"ன்னாரு. முடிச்சப்புறம்தான் உங்களோட வர்றதா வேண்டாமான்னு அது முடிவு பண்ணுமாம்.

என்ன பெரிய விஷயம்? நான் இருக்க மாட்டேனா? இருப்பேன்னேன். இன்னிக்கு இந்த வண்டியில வரேன்னு சொல்லிட்டேன்.

ஆனா அந்த 'எனக்கு' இருக்கே சார், அது என்னைப் போட்டு அரிக்குது. எனக்குன்னா எனக்கு என்ன? எனக்கு வலிக்குதுன்னு சொல்ல வந்தாளா? அப்படின்னா எங்க வலி, சொல்லியிருக்கலாம் இல்லை? அதுக்குப் பதில் வச்சிருக்கேன், நாடி பாத்துச் சொல்லிடுவேன். எனக்குத் தெரியலைன்னு சொல்ல வந்தாளா, எனக்கு ஏதாவது வேணும்னு கேக்க வந்தாளா? அவ ஒரு புடவைகூட வாயைத் தொறந்து கேட்டவ இல்லை. கேட்டா வாங்கிக் குடுத்துடலாம், அதுக்கும் பதில் இருக்கு. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பத்தியா இருக்குமா? அது முடிஞ்சு போன கதை, அதைப் பத்தி நாங்க பேசறதே இல்லை. அதுக்கும் ஒரு பதில் யோசிச்சு வச்சிருக்கேன். எல்லாத்துக்கும் வச்சிருக்கேன். ஒண்ணுக்கு மட்டும்தான் வரலை. எனக்குப் போதும்னு சொல்ல வந்திருந்தா? அதுக்கு என்ன சொல்றது? அவ அப்படிச் சொல்ல மாட்டா. சொல்வாளா? நீங்க அவளைப் பாத்ததில்லை, உங்களுக்கு எப்படித் தெரியும்.

சிமெண்டு லாரி வர ஆரம்பிச்சுடுச்சு. மரமெல்லாம் வெள்ளையா நிக்குது பாருங்க. வந்துட்டோம். கையை விடறேன், உங்க கை வேர்த்துப் போச்சே. என் கைதானா? சரி.

அதோ, டேங்க் தெரியுது. அதோ நிக்கறா சார். குடை பிடிச்சுக்கிட்டு, ஊதாப் புடவை. அவதான். அவளே வந்து நிப்பான்னு நான் நினைக்கலை, சகலை வருவாருன்னு நினைச்சேன். இளைச்சுட்டாளா? இல்லை, இளைக்கலை. நல்லாத்தான் இருக்கா. ஒவ்வொரு ஜன்னலா பாத்துக்கிட்டு வர்றா பாருங்க. அழுதிருக்காளா? உங்களுக்கு நல்லாத் தெரியுதா? அழலை. தெளிவா இருக்கு மூஞ்சி. அதான் சார் பயமா இருக்கு. அழுத மூஞ்சின்னா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். இது தெளிவா இருக்கு. என்னவோ முடிவு பண்ணிட்ட மூஞ்சி.

எந்திரிக்கறேன், எந்திரிக்கறேன். கண்டக்டர் கூப்பிடறது கேக்குது. இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கறேன். பாத்துட்டா. என்னைப் பாத்துட்டா. சிரிக்கலை. குடையை மடக்கறா. ஜன்னல்கிட்ட வர்றா. இருன்னு கையைக் காட்டினேன், நீங்க பாத்தீங்க இல்லை? இரு வரேன்னுதான் காட்டினேன்.

விசில் அடிச்சுட்டான். இல்லை சார், வேண்டாம், நிறுத்தச் சொல்லாதீங்க. உக்காருங்க. உங்களை யாரு கத்தச் சொன்னது? உக்காருங்கன்னா. போகட்டும். ஒண்ணும் ஆகலை. பஸ் ஸ்டாண்டு பக்கம்தான், அங்க எறங்கி ஒரு ஆட்டோ பிடிச்சா திரும்பி வந்துடலாம். இல்லைன்னா ஒண்ணு பண்றேன். இந்த வண்டி ஜெயங்கொண்டம்தானே போகுது, அங்க எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹீலர் இருக்காரு. ரொம்ப நாளா வரச் சொல்லிக்கிட்டிருக்காரு. பாத்துட்டு, சாயந்திரமா, வெயில் இறங்கினப்புறம். சாப்பிட்டிருப்பா, ஓய்வா இருப்பா, நிதானமாப் பேசலாம். கண்டக்டர், ஜெயங்கொண்டம் ஒண்ணு குடுங்க.

சார், திரும்பிப் பாத்தீங்களே, இன்னும் அங்கயே நிக்கறாளா? என்னால பாக்க முடியலை. நீங்க பாத்துச் சொல்லுங்க. நிக்கறாளா, போயிட்டாளா? சொல்லுங்க சார். நான் குறுக்க பேசலை.